எந்தப் புள்ளிப் பட்டியலை எடுப்பது? நீச்சல் போட்டியில் அணிக் கணக்கு

இரண்டு அணிகள், ஆறு லேன். 100 பிரீஸ்டைல் இப்போதுதான் முடிந்தது. சிவப்புத் தொப்பி முதலில் சுவரைத் தொட்டது. இரண்டு, மூன்று, நான்கு மூன்றுமே நீலத் தொப்பிகள். கடைசி இரண்டு இடம் மறுபடி சிவப்பு. இந்தப் பிரிவில் லாபம் எந்த அணிக்கு?

தண்ணீரைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஸ்கோர் மேஜையில் இருக்கும் புள்ளிப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 6-4-3-2-1 என்ற பட்டியல் இருந்தால் சிவப்புக்கு முதலிடத்துக்கு 6, ஐந்தாம் இடத்துக்கு 1, ஆக 7. நீலத்துக்கு 4+3+2, ஆக 9. ஜெயித்தவர் கை தூக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் அணி இரண்டு புள்ளி பின்னால் போய்விட்டது. அதே வரிசையை 9-4-3-2-1 பட்டியலில் போட்டால் சிவப்பு 10, நீலம் 9.

இரண்டுமே நடைமுறையில் உள்ளவைதான். முதலாவது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நீச்சலில் ஆறு லேன் குளத்துக்கான பட்டியல். இரண்டாவது அங்குள்ள கல்லூரிப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டியல். ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. முதல் பட்டியல் ஆள்பலத்தை மதிக்கிறது, இரண்டாவது நட்சத்திரத்தை மதிக்கிறது. போட்டி நடத்துபவர் எதை மதிக்கப்போகிறார் என்பதை முடிவுசெய்யாமல், போன வருடக் கோப்பிலிருந்து பட்டியலை அப்படியே எடுத்துப் போடும்போதுதான் குளக்கரையில் சண்டை வருகிறது.

இரண்டு அணி மோதும்போது

நான்கைந்து லேன் மட்டுமே உள்ள குளம் என்றால் பெரும்பாலும் 5-3-1தான். ரிலேக்கு 7-0, அதாவது ஜெயித்த அணிக்கு ஏழு, மற்றதற்கு ஒன்றுமில்லை. நான்கு லேனில் அணிக்கு இருவர் நீந்தினால், முதலிடமும் கடைசி இடமும் பிடித்த அணிக்கு 5, நடு இரண்டும் பிடித்த அணிக்கு 4. முதலிடம் எப்போதும் தோற்காது. கணக்கு எளிது, பார்ப்பவர்களுக்கும் மனதிலேயே ஓடும். ஆனால் நான்காவதாக வருபவருக்கு அணிக் கணக்கில் எந்த வேலையும் இல்லை.

ஆறு லேன் இருந்தால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று. 6-4-3-2-1 எடுத்தால் ரிலேக்கு 8-4-2. 9-4-3-2-1 எடுத்தால் ரிலேக்கு 11-4-2. இந்த ஜோடிகளை மாற்றிக் கோக்காதீர்கள். தனிநபர் பட்டியலை ஒன்றிலிருந்தும் ரிலேயை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் ரிலேயின் எடை நீங்கள் நினைக்காத அளவுக்கு ஏறிவிடும், அல்லது இறங்கிவிடும்.

பள்ளிப் பட்டியலின் பெரிய வசதி, மொத்தம் முன்கூட்டியே தெரிவது. டைவிங்கும் சேர்த்துத் தனிநபர் பிரிவு 9, ரிலே 3. தனிநபர் ஒவ்வொன்றிலும் 16 புள்ளி, ரிலே ஒவ்வொன்றிலும் 14. ஆக 144+42 = 186. பாதி 93. எனவே 94-ஐத் தொட்ட அணியை அதன்பின் பிடிக்க முடியாது. டைவிங் பலகை இல்லாத குளத்தில் மொத்தம் 170, எல்லை 86. கோச்சுகள் இந்த எண்ணைக் காகித ஓரத்தில் முதலிலேயே எழுதி வைத்துவிடுவார்கள். அதைத் தாண்டியதும் மீதிப் பிரிவுகளில் தங்கள் ஆட்களைப் புள்ளிக் கணக்கில் சேராமல் நீந்தவிடுவதும் உண்டு. முடிவுத் தாளில் சிலருடைய நேரத்துக்கு முன்னால் ஒரு எக்ஸ் குறி இருப்பது இதனால்தான். எதிரணியை 140-க்கு 46 என்று நசுக்காமல் விடுவது ஒரு மரியாதை. மரியாதை தெரியாத கோச்சுகளும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது கடைசி ரிலேயை அருகில் போய்ப் பார்ப்போம். அதற்கு முன் 186-ல் 172 புள்ளி கொடுத்தாயிற்று. நீலம் 88, சிவப்பு 84. 8-4-2 பட்டியலில் சிவப்பின் ஏ ரிலே (அணியின் முதல் நால்வர்) ஜெயித்து, பி ரிலே (இரண்டாவது நால்வர்) மூன்றாவதாக வந்தால் சிவப்புக்கு 10, நீலத்துக்கு 4. முடிவு 94-92, சிவப்பு வெற்றி. அதே பி ரிலே நான்காவதாகப் போனால் சிவப்புக்கு 8, நீலத்துக்கு 4+2 = 6. முடிவு 92-94, நீலம் வெற்றி. அரங்கம் முழுக்க முதல் இரண்டு லேனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, போட்டியை முடிவுசெய்வது மூன்றாவது இடத்துக்கு நீந்தும் எட்டுப் பேர். இங்கே ரிலே எடையை மட்டும் 11-4-2 ஆக்கிப் பாருங்கள்: பி ரிலே நான்காவதாக வந்தாலும் சிவப்பு 95, நீலம் 94.

வீரர்களை எந்தப் பிரிவில் போடுவது என்பதையும் பட்டியல் மாற்றும். உங்கள் சிறந்த வீராங்கனையும் இரண்டாவது வீராங்கனையும் 100 பிரீஸ்டைலில் 1, 2 என்று வருவார்கள், மூன்றாமவர் 5. இரண்டாமவரை எடுத்து 100 பேக்ஸ்ட்ரோக்கில் போட்டால் அங்கே எதிரணி 1, 2 எடுப்பதைத் தடுத்து முதலிடம் பிடிப்பார். பிரீஸ்டைலில் உங்களுக்கு 1, 4, 6 மிஞ்சும். பேக்ஸ்ட்ரோக்கில் 3, 4, 6 என்று இருந்தது 1, 4, 5 ஆகும். 6-4-3-2-1-இல் பிரீஸ்டைலில் இழக்கும் வித்தியாசம் 6, பேக்ஸ்ட்ரோக்கில் பெறுவது 8. நிகர லாபம் 2 மட்டும். அந்த இரண்டுக்காக ஒருவரைப் பழகாத பிரிவில் தள்ளத் தேவையில்லை. 9-4-3-2-1-இல் இழப்பு அதே 6, வரவு 14, நிகரம் 8. ஆகவே முதலிடத்துக்குக் கூடுதல் எடை தரும் பட்டியலில் கோச்சுகள் தங்கள் வலுவானவர்களைப் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். பெரிய நேருக்கு நேர் மோதல்கள் குறையும். பார்வையாளர்களுக்குப் பரபரப்பு வேண்டும் என்று 9-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

வளரும் நிலையில் உள்ள அணிகளுக்கு என் தேர்வு 6-4-3-2-1தான். ஐந்தாவது இடத்துக்கு ஒரு புள்ளி உண்டு என்று தெரிந்த பிள்ளை கடைசி பத்து மீட்டரில் விடமாட்டான். உச்ச நிலை அணிகள், வேகம்தான் பேச்சு என்றால் 9.

பல அணிகள் கூடும்போது

ஐந்தாறு அணிக்கு மேல் போனால் ஐந்து இடத்துக்கு மட்டும் புள்ளி தருவது சரிவராது. பாதி அணிகள் பூஜ்யத்தோடு வீடு போகும். எட்டு லேன் குளத்தில் பரவலாக உள்ளது பதினாறு இடப் பட்டியல்: 20-17-16-15-14-13-12-11, பிறகு 9-7-6-5-4-3-2-1. ரிலேக்கு எல்லாம் இரட்டிப்பு, 40-34-32 என்று போகும். ஆறு லேன் என்றால் பன்னிரண்டு இடம்: 16-13-12-11-10-9, பிறகு 7-5-4-3-2-1. அமெரிக்கக் கல்லூரி மண்டலப் போட்டிகளில் இருபத்துநான்கு இடம் வரை புள்ளி தருவதும் உண்டு. அங்கே முதலிடத்துக்கு 32, அடுத்து 28, பிறகு 27, 26 என்று எட்டாம் இடம் வரை ஒவ்வொன்றாக இறங்கும்.

ஒரு பிரிவின் மொத்தப் புள்ளியில் முதலிடத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் இவற்றின் குணம் பிடிபடும். 5-3-1-இல் 9-க்கு 5, பாதிக்கு மேல். 9-4-3-2-1-இல் 19-க்கு 9. 6-4-3-2-1-இல் 16-க்கு 6. பதினாறு இடப் பட்டியலில் 155-க்கு 20, சுமார் 13 விழுக்காடு. இருபத்துநான்கில் 362-க்கு 32, ஒன்பதுக்கும் கீழே. இடங்கள் கூடக்கூட நட்சத்திரம் கரைந்துபோகிறது. மூன்று தனிநபர் பிரிவிலும் தங்கம் வாங்கிய ஒருவர் பதினாறு இடப் பட்டியலில் கொண்டுவருவது 60. தலா மூன்று பிரிவில் பன்னிரண்டாவதாக வரும் எட்டுப் பேர் கொண்டுவருவது 120. மேடையில் ஒருமுறைகூட ஏறாத அணி கோப்பையைத் தூக்குவது இப்படித்தான்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய இடம் 8-க்கும் 9-க்கும் நடுவில் உள்ள சுவர். காலை ஹீட்ஸில் முதல் எட்டு நேரம் ஏ ஃபைனலுக்கு, அடுத்த எட்டு பி ஃபைனலுக்கு. ஏ ஃபைனலில் கடைசியாக வந்தாலும் 11. பி ஃபைனலை வென்றாலும் 9, மாலையில் அவர் நேரம் ஏ ஃபைனல் வெற்றியாளரைவிட வேகமாக இருந்தாலும்கூட. ஆகவே அணிக் கணக்கில் மாலையைவிடக் காலைதான் கனமானது. எட்டாவதாகத் தேறுபவர் முன்னால் 11 முதல் 20 வரை இருக்கிறது. நூறில் ஒரு பங்கு நொடி பிந்தி ஒன்பதாவதாகப் போனவருக்கு 1 முதல் 9 வரைதான். எட்டாம் இடத்துக்கு இருவர் நூறில் ஒரு பங்கு வரை ஒரே நேரம் என்றால் பங்கிட முடியாது, இருவரையும் தனியாக மறுபடி நீந்தவைத்துத்தான் தீர்க்க வேண்டும். இதற்கு அட்டவணையில் நேரம் ஒதுக்காமல் விட்டால் மதிய இடைவேளை போய்விடும்.

ஹீட்ஸ், ஃபைனல் என்று இரண்டு வேளை நடத்த முடியாத சிறிய போட்டியில் எல்லோரும் ஒரே முறை நீந்தி, நேரத்தை வைத்து இடம் தருவது வழக்கம். அரைநாளில் முடியும், சோர்வும் குறைவு. இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுதான்: வேகமானவர்கள் நீந்தும் கடைசி ஹீட்டின் வரிசையை அப்படியே எடுத்துப் புள்ளி போட்டுவிடுவது. மெதுவான ஹீட்டில் பதிவாகியிருந்த பையன் அன்றைக்குப் பறந்துவிட்டு ஒட்டுமொத்தத்தில் மூன்றாவதாக இருப்பான், அவன் பெயரே புள்ளித் தாளில் இருக்காது. எல்லா ஹீட்டையும் சேர்த்து வரிசைப்படுத்திய பிறகே புள்ளி.

ரிலே இரட்டிப்பு என்பதை லேசாக எடுக்க வேண்டாம். கல்லூரிப் போட்டிகளில் ரிலே ஐந்து. ஐந்தையும் வென்றால் 200 புள்ளி, பத்துத் தனிநபர் தங்கத்துக்குச் சமம். நாலில் ஒருவர் முந்தைய ஆள் சுவரைத் தொடும் முன் குதித்துவிட்டால் நாற்பதும் போச்சு. அதனால்தான் அணிக் கோப்பைக்கு நிற்கும் கோச்சுகள் முதல்நாள் ரிலேயில் பாதுகாப்பான தாவலைக் கேட்கிறார்கள். இரண்டாம் இடத்துக்கு 34 இருக்கிறது, ஆறு புள்ளிக்காக நாற்பதை அடகு வைப்பானேன்? உங்கள் போட்டியில் அணிகள் சிறியவை, நான்கு நல்ல வீரர்கூடச் சேராது என்றால் ரிலேக்கு ஒன்றரை மடங்கோ, தனிநபர் அளவோ போதும்.

அணிகளின் அளவு சமமில்லை என்றால்

நடைமுறையில் பெரும்பாலான புகார் பட்டியலைப் பற்றி வருவதில்லை, இதைப் பற்றித்தான் வருகிறது. எண்பது பேருடன் ஒரு கிளப், பன்னிரண்டு பேருடன் இன்னொன்று. எந்தப் பட்டியலைப் போட்டாலும் எண்பதுதான் ஜெயிக்கும்.

இதற்கு நல்ல மருந்து, ஒரு பிரிவில் ஓர் அணிக்கு இத்தனை பேருக்குத்தான் புள்ளி என்று கட்டுவது. எத்தனை பேர் வேண்டுமானாலும் நீந்தட்டும், முதல் இரண்டு அல்லது மூன்று பேருடைய இடம் மட்டும் கணக்கில் வரும். ஆறு லேன் இரு அணிப் போட்டியில் இந்தக் கட்டு தானாகவே இருக்கிறது, அணிக்கு மூன்று லேன்தான். பல அணிப் போட்டியில் நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதும்போது இன்னொரு வரியும் சேருங்கள்: எல்லை தாண்டியவரின் இடம் அடுத்தவருக்கு நகருமா, அப்படியே காலியாக விடப்படுமா? பெரிய கிளப்பின் நான்காவது ஆள் ஏழாவதாக வந்திருக்கிறார். அவருக்குப் புள்ளி இல்லை. எட்டாவதாக வந்தவருக்கு ஏழாம் இடப் புள்ளியா, எட்டாம் இடப் புள்ளியா? நகர்த்துவதே நியாயம் என்பேன். இல்லையென்றால் பெரிய கிளப் தன் நான்காவது, ஐந்தாவது ஆட்களை எதிரியின் புள்ளியைக் குறைக்கும் கல்லாகப் பயன்படுத்தும். ரிலேயிலும் இதே கதை: ஏ ரிலேக்கு மட்டும் புள்ளி என்று வைத்தால் சிறிய கிளப் மூச்சுவிடும்.

இன்னொரு வழி, ஏ வீரர்களுக்குத் தனி, பி வீரர்களுக்குத் தனி என்று இரண்டு நீச்சல் வைப்பது. அணிக்கு ஒருவர்தான் ஒவ்வொன்றிலும். ஆறு அணி என்றால் 6-5-4-3-2-1 என்று நேராக இறங்கும் பட்டியல் இதற்குப் போதும். அணி எண்பதோ பன்னிரண்டோ, தண்ணீரில் எல்லோரும் சமம். நட்டம் என்னவென்றால் பெரிய கிளப்பில் மூன்றாவது ஆளுக்கு அன்று வேலையே இல்லை.

மொத்தப் புள்ளியை வீரர் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுக்கலாமே என்று யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும், செய்யாதீர்கள். புள்ளி எடுக்காத பிள்ளை சராசரியைக் குறைப்பான் என்று தெரிந்த மறுநிமிடம் கோச் அவனை வீட்டிலேயே விட்டுவருவார்.

வயதுப் பிரிவுகள் கலந்த போட்டியில் பட்டியலைவிடப் பிரிவுகளின் எண்ணிக்கைதான் பேசும். பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு ஐந்து பிரிவு, பெரியவர்களுக்குப் பன்னிரண்டு என்றால், சிறியவர்கள் எவ்வளவு துடித்தாலும் கோப்பையைப் பெரியவர்கள் முடிவுசெய்துவிடுவார்கள். எண்ணிக்கையை நெருக்கமாக்குங்கள், இல்லையேல் வயதுப் பிரிவுவாரியாகத் தனிக் கோப்பை கொடுங்கள்.

இடத்தை விட்டு நேரத்துக்குப் புள்ளி

உலக நீச்சல் கூட்டமைப்பு வைத்திருக்கும் புள்ளி முறை முற்றிலும் வேறு வகை. அடிப்படை நேரத்தை வீரரின் நேரத்தால் வகுத்து, வரும் எண்ணின் கனத்தை எடுத்து (அதே எண்ணை மூன்று முறை போட்டுப் பெருக்கி), ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை நேரம் உலக சாதனையை ஒட்டியது, 50 மீட்டர் குளத்துக்கும் 25 மீட்டர் குளத்துக்கும் தனித்தனி. உதாரணத்துக்கு அடிப்படை 50.00 நொடி என்று வையுங்கள். 60.00 நீந்தியவருக்கு 578. 59.00 என்றால் 608, ஒரு நொடிக்கு 30 புள்ளி. 54.00-க்கு 793, 53.00-க்கு 839, இங்கே அதே ஒரு நொடிக்கு 46. மேலே போகப்போக ஒவ்வொரு நொடியும் விலை கூடுகிறது, நீச்சலிலும் அது அப்படித்தான்.

வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில் நீந்திய அணிகளை ஒப்பிட இதைவிட நல்ல முறை இல்லை. பேக்ஸ்ட்ரோக்கையும் பட்டர்ஃபிளையையும் ஒரே தராசில் நிறுத்தலாம். யாரை வென்றார் என்பது பொருட்டில்லாததால் பலவீனமான ஹீட்டில் போய் ஒளிந்துகொள்ளவும் முடியாது. ஆனால் குளக்கரையில் நின்று பார்ப்பவருக்கு எந்த அணி முன்னால் என்று தெரியாது, கணினி சொன்னால்தான் உண்டு. சிறுவர்களுக்கு இது குரூரமாகவும் இருக்கும், உலக சாதனையோடு ஒப்பிட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்கு இருநூறு சொச்சம் போட்டால் அவன் முகம் சுருங்கும். ஒவ்வொருவருடைய சிறந்த இரண்டோ மூன்றோ நீச்சலை மட்டும் எடுத்து, அணிக்கு இத்தனை பேர் என்று கட்டிப் பயன்படுத்தினால் நன்றாக வேலை செய்யும்.

தொழில்முறைக் காட்சிக்கு என்று செய்த கலவை ஒன்றும் உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த சர்வதேச நீச்சல் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு நான்கு அணி, ஒவ்வொரு பிரிவிலும் அணிக்கு இருவர், புள்ளி 9-7-6-5-4-3-2-1, ரிலேக்கு இரட்டிப்பு. 2020-இல் ஜாக்பாட் சேர்ந்தது, குறிப்பிட்ட வித்தியாசத்துக்கு மேல் பின்தங்கியவர்களின் புள்ளியை வெற்றியாளர் பறித்துக்கொள்ளலாம். டிவிக்கு விறுவிறுப்பு. உள்ளூர்ப் போட்டியில் இதைப் போட்டால் ஒரே ஒரு நல்ல வீரர் உள்ள அணி மற்றவர்களைத் துடைத்து எடுத்துவிடும்.

கணக்கு எங்கே சறுக்கும்

சம நேரத்தில்தான் முதலில். மூன்றாம் இடத்தில் இருவர் என்றால் 3-ம் 4-ம் இடத்துப் புள்ளியைக் கூட்டி இரண்டாகப் பங்கிட வேண்டும், 6-4-3-2-1-இல் (3+2)÷2, ஆளுக்கு 2.5. அடுத்து வருபவர் ஐந்தாவது, அவருக்கு 1. இருவருக்கும் 3 போட்டு, அடுத்தவரை நான்காவதாக்கி 2 கொடுப்பது அனுபவமில்லாத மேஜையில் நடக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி: ஒவ்வொரு தனிநபர் பிரிவிலும் இரு அணிப் புள்ளியும் சேர்ந்து 16 வர வேண்டும், ரிலேயில் 14. வராவிட்டால், தகுதிநீக்கமோ ஆள் குறைவோ காரணமா என்று பாருங்கள். இல்லையென்றால் கூட்டலில் பிழை. அடுத்த பிரிவு தொடங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும், பத்துப் பிரிவு தள்ளிக் கண்டுபிடித்தால் தாள் முழுவதையும் திருப்ப வேண்டியிருக்கும்.

தகுதிநீக்கத்தில், ஒரே முறை நீந்தும் போட்டி என்றால் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வோர் இடம் மேலே வருவார்கள். ஃபைனலில் அப்படி நேர்ந்தால் ஏ ஃபைனலில் உள்ளவர்கள் மட்டும் நகர்ந்து, பி ஃபைனல் வெற்றியாளர் ஒன்பதாவதாகவே நிற்க வேண்டும் என்று விதித்தாளில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அந்த 9-ஐ 11 ஆக்கக் கேட்டு ஒரு கோச் கட்டாயம் வருவார்.

மென்பொருள் தானாகச் சரியாகச் செய்யும் என்று நம்ப வேண்டாம். மீட் மேனேஜர் போன்றவற்றில் தனிநபர் புள்ளி, ரிலே புள்ளி, ஓர் அணியிலிருந்து புள்ளி பெறக்கூடியவர் எண்ணிக்கை ஆகியவற்றை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். போன போட்டியை நகலெடுத்துத் தொடங்கினால் அதன் எல்லைகளும் கூடவே வரும். பொய்யாக ஒரு பிரிவுக்கு நேரம் போட்டு, ஒரு சமநிலையும் ஒரு தகுதிநீக்கமும் சேர்த்து, முந்தின நாளே ஓட்டிப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

மொத்தமே சமமாகிவிட்டால்? 93-93 வரக்கூடியதுதான். இரு அணிப் போட்டியில் சமநிலை என்றே விட்டுவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. கோப்பை ஒன்றுதான், கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதிக முதலிடம் பெற்ற அணி, அதுவும் சமமானால் அதிக இரண்டாமிடம் என்று எண்ணிப்போவது ஒரு வழி. கடைசி ரிலேயை வென்றவருக்கே என்று சிலர் வைப்பார்கள். அந்த ரிலேக்கு ஏற்கெனவே எடை கூட, அதை இரண்டாம் முறை எண்ணுவது போல ஆகிவிடும். எதை வைத்தாலும் பதிவுப் படிவத்தோடு சேர்த்தே அணிகளுக்கு அனுப்பிவிடுங்கள்.